சனிக்கிழமைக் காலைக்கு என்ன விலை? சிங்கப்பூரில் கோல்ஃப் கிளப்பில் சேருவது பற்றி ஒரு கணக்கு

போன மாதம் தங்கை வீட்டில் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். தங்கை கணவர் கைப்பேசியை என் பக்கம் நீட்டினார். மெம்பர்ஷிப் தரகர் ஒருவர் அனுப்பிய விலைப்பட்டியல். கிளப் பெயர், வாங்கும் விலை, விற்கும் விலை, மாற்றக் கட்டணம் (மெம்பர்ஷிப்பை நம் பெயருக்கு மாற்ற கிளப் வாங்குவது) என்று வரிசையாக இருந்தது. "மச்சான், இதுல ஒண்ணை எடுத்துடலாம்னு இருக்கேன். என்ன சொல்றீங்க?" என்றார்.

"போன வருஷம் எத்தனை ரவுண்டு ஆடினீங்க மாப்பிள்ளை?"

காலண்டரைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "பதினாலு" என்றார். "ஆனா மெம்பரா இருந்தா இன்னும் நிறைய ஆடுவேன்."

அந்த இரண்டாவது வாக்கியத்தை நம்பித்தான் பலரும் காசோலையில் கையெழுத்துப் போடுகிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் போட்டேன். அவருக்காக உட்கார்ந்து போட்ட கணக்கை இங்கே எழுதுகிறேன். இதே யோசனையில் இருப்பவர்கள் தங்கள் எண்களைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் நிலம். ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்கு மீன் தலைக் கறி சாப்பிடப் போகிறோம்; பக்கத்து ஃபேரர் பார்க் பழைய குதிரைப் பந்தயத் திடல் என்பதால் வந்த பெயர் அது. 1891ல் சிங்கப்பூர் கோல்ஃப் கிளப் தொடங்கியதும் அந்தத் திடலில்தான், ஒன்பது குழிகளோடு. இன்று அங்கே அதன் சுவடு எதுவும் இல்லை. இந்த ஊரில் கோல்ஃபுக்கு நிலம் எப்போதுமே கடன் வாங்கிய நிலம்தான். கிளப்புகள் அரசாங்கத்திடம் குத்தகைக்கு எடுத்து நடத்துகின்றன. 2014ல் சட்ட அமைச்சு இதை வெளிப்படையாகப் பேசியது: கோல்ஃப் திடல்கள் ஏறத்தாழ 1,500 ஹெக்டர், அதாவது நாட்டின் நிலத்தில் சுமார் 2 விழுக்காட்டைப் பிடித்திருக்கின்றன, எல்லாக் குத்தகையும் நீட்டிக்கப்படாது. நீட்டிப்புக் கிடைத்த கிளப்புகளுக்கும் எல்லை 2040 என்றே வைத்தார்கள்.

அதன்பின் நடந்ததைப் பார்த்தால் நிலைமை புரியும். ஜூரோங் கன்ட்ரி கிளப் நிலம் கோலாலம்பூர் அதிவேக ரயிலின் முனையத்துக்காக எடுக்கப்பட்டது; கிளப் 2016 முடிவில் மூடியது. அந்த ரயில் ஒப்பந்தமே 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு காலாவதியாகிவிட்டது. ராஃபிள்ஸ் கன்ட்ரி கிளப் 2018ல் மூடியது. அந்த நிலத்தில் அதிவேக ரயிலோடு குறுக்குத் தீவு ரயில் பாதைக்கான பணிமனையும் திட்டத்தில் இருந்தது. 1904ல் தொடங்கிய கெப்பல் கிளப்பின் பழைய திடல் 2021 முடிவில் குத்தகை தீர்ந்து, பின்னர் கைமாறியது. அங்கே சுமார் 6,000 வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகள் வரவிருக்கின்றன. கெப்பல் கிளப் சைம் ரோட்டுக்கு இடம்பெயர்ந்தது. பொதுமக்களுக்கென்றே இருந்த ஒரே 18 குழித் திடலான மரினா பே, 2024 ஜூன் 30 அன்று மூடியது. வேலை முடிந்து விளக்கொளியில் அங்கே ஒன்பது குழி ஆடியவர்களுக்கு அந்த இழப்பு தெரியும்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குத்தகை பாக்கி இருக்கும்போது அரசாங்கம் நிலத்தை எடுத்தால் சட்டப்படி கிளப்புக்கு இழப்பீடு உண்டு. குத்தகை தானாக முடிந்தால் நிலத்துக்கு இழப்பீடு கிடையாது. ஆகவே தரகரின் பட்டியலில் விலையைப் பார்ப்பதற்கு முன், அந்த கிளப்பின் குத்தகை எந்த வருடம் முடிகிறது என்று பாருங்கள். வருடம் நெருங்க நெருங்க மெம்பர்ஷிப்பின் மறுவிற்பனை மதிப்பு கரைந்துகொண்டே வரும். "மாப்பிள்ளை, இது வீடு வாங்குற மாதிரி இல்ல. பத்து வருஷத்துக்கு சிஓஇ உரிமம் எடுத்து கார் வாங்குற மாதிரி" என்றேன். அவருக்கு உடனே விளங்கியது.

சரி, எண்களுக்கு வருவோம். கீழே வரும் தொகைகள் நான் எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொண்டவை. கிளப்புக்கு கிளப் விலை மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடும். வெளிநாட்டவர் என்றால் மாற்றக் கட்டணம் பல இடங்களில் பல மடங்கு. கணக்குப் போடும் முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மெம்பர்ஷிப் விலை 50,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). மாற்றக் கட்டணம் 8,000. அந்தக் கட்டணத்துக்கு 9 விழுக்காடு ஜிஎஸ்டி, 720. ஆக 58,720 வெள்ளி. மாதச் சந்தா 220 என்றால் வருடத்துக்கு 2,640. பத்து வருடம் வைத்திருப்பதாகக் கொள்வோம். கையிலிருக்கும் 58,720ஐ எங்காவது போட்டிருந்தால் வட்டி வந்திருக்கும். மசேநி (மத்திய சேமநிதி) சாதாரணக் கணக்கின் 2.5 விழுக்காட்டையே அளவாக வைத்தாலும் வருடத்துக்கு 1,468. இந்த வட்டியை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும்.

பத்து வருடம் கழித்து மறுவிற்பனையில் எதுவும் கிடைக்கவில்லை என்றால், வருடத்துக்கு 5,872 முதலில் கழிகிறது. சந்தா, வட்டி எல்லாம் சேர்த்து 9,980. கிட்டத்தட்ட பத்தாயிரம் வெள்ளி. விற்று 25,000 கையில் வந்தால் வருடச் செலவு 7,480 ஆகக் குறையும். என் தங்கை கணவரின் பதினாலு ரவுண்டுக்கு வகுத்தால், மோசமான நிலையில் ஒரு ரவுண்டு 713 வெள்ளி. நல்ல நிலையில் 534. பக்கி (திடலில் ஓட்டும் சின்ன வண்டி) வாடகை, சாப்பாடு தனி. வருடத்துக்கு 48 ரவுண்டு, அதாவது ஏறக்குறைய வாரம் ஒன்று ஆடினால், 208க்கும் 156க்கும் இடையில் வந்து நிற்கும்.

அடுத்தது, மெம்பர் நண்பரோடு விருந்தினராகப் போவது. வார இறுதியில் பல கிளப்புகளில் விருந்தினர் கட்டணம் 200 வெள்ளியைத் தாண்டும். 250 என்று வைத்தால், மெம்பர்ஷிப் வாங்குவது இதைவிட மலிவாக வர வருடத்துக்கு 30 முதல் 40 ரவுண்டு ஆட வேண்டும். நாற்பது ரவுண்டு என்பது சொல்லச் சின்ன எண். வேலைப் பயணம், சீனப் புத்தாண்டு, தீபாவளி, பள்ளி விடுமுறையில் ஊருக்குப் போவது, முதுகுவலி எல்லாம் போக மிச்சமிருக்கும் வாரங்களில் அநேகமாக ஒவ்வொன்றிலும் ஆடினால்தான் அது வரும். பதினாலில் இருப்பவர் நாற்பதுக்குப் போவார் என்று நான் நம்பவில்லை. இருபத்தைந்தில் இருப்பவர் போகலாம்.

பணத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. மெம்பர் ஆகிவிட்டால் நினைத்தபோது ஆடலாம் என்று வெளியிலிருப்பவர்கள் எண்ணுகிறார்கள். காலை 7 மணியிலிருந்து 9 வரை எட்டு நிமிடத்துக்கு ஒரு ஃபிளைட் (சேர்ந்து ஆடும் குழு) என்று விட்டால், ஒரு டீயிலிருந்து (ஆட்டம் தொடங்கும் இடம்) 15 ஃபிளைட். ஃபிளைட்டுக்கு நான்கு பேர், 60 பேர். முதல் குழி, பத்தாவது குழி இரண்டிலிருந்தும் அனுப்பினாலும் 120 பேர்தான். கிளப்பில் மெம்பர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். எல்லாருக்கும் வேண்டியது அதே சனிக்கிழமை 7.30 மணி. ஒன்பதரைக்கு மேல் வெயில் மண்டையைப் பிளக்கும், பிற்பகலில் இடிமழை. ஆகவே குலுக்கல் நடக்கும். நீங்கள் கொடுக்கும் 58,720 வெள்ளி அந்தக் குலுக்கலில் ஒரு சீட்டு.

நான் சேர்ந்த கிளப்பின் பெயர் வேண்டாம். இரண்டு திடல்கள் இருக்கின்றன என்று பார்த்துச் சேர்ந்தேன். அடுத்த வருடமே ஒரு திடலைச் சீரமைப்புக்காக மூடினார்கள். ஒன்றரை வருடம். சந்தா ஒரு வெள்ளி குறையவில்லை. அதற்கு மேல் கூடுதல் தொகை ஒன்றும் கேட்டார்கள். மூன்று மாதம் தொடர்ந்து வார இறுதிக் குலுக்கலில் என் பெயர் வரவில்லை. சீரமைப்பு தேவையானதுதான், திடல் திறந்தபோது புல் அவ்வளவு அழகாக இருந்தது. ஆனால் சேர்வதற்கு முன், முந்தைய இரண்டு ஆண்டுப் பொதுக்கூட்ட அறிக்கைகளைக் கேட்டு வாங்கிப் படித்திருந்தால் இது வரப்போகிறது என்று தெரிந்திருக்கும். அதில் எல்லாம் எழுதியிருந்தது. கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். கொடுக்கத் தயங்கினால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

டெர்ம் மெம்பர்ஷிப் என்று ஒன்று இருக்கிறது. ஒரு வருடம், இரண்டு வருடம் என்று எடுக்கலாம். விற்க முடியாது, முடிந்தால் முடிந்தது. வருடத்துக்கு 6,000, சந்தா 2,640 என்று வைத்தால் 8,640. மேலே சொன்ன நல்ல நிலைக்கும் மோசமான நிலைக்கும் நடுவில் வருகிறது. மலிவு என்று சொல்ல முடியாது. ஆனால் ஐம்பதாயிரத்தைப் பூட்டி வைக்க வேண்டாம், குத்தகைக் கவலையும் நமக்கு இல்லை. "மெம்பரா இருந்தா நிறைய ஆடுவேன்" என்ற பேச்சு உண்மையா என்று ஒரே வருடத்தில் தெரிந்துவிடும். மறு வருடம் புதுப்பிக்கும்போது கிளப் விலையை ஏற்றலாம், இடமில்லை என்றும் சொல்லலாம். குலுக்கலில் டெர்ம் மெம்பருக்கு முன்னுரிமை குறைவா என்பதையும் விதிப்புத்தகத்தில் பார்த்துவிடுங்கள். இவ்வளவு குறைகளோடும், முதல்முறை சேருபவருக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

அப்புறம் எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூர். நம்மவர்களில் பலர் உண்மையில் ஆடுவது அங்கேதான். திடல் கட்டணம், பக்கி, டோல், பெட்ரோல், ஆட்டம் முடிந்து வாழை இலைச் சாப்பாடு எல்லாம் சேர்த்து நான் ரவுண்டுக்கு 110 வெள்ளி என்று கணக்கு வைத்திருக்கிறேன். 24 ரவுண்டுக்கு 2,640. இங்கே கிளப்பில் சந்தாவுக்கு மட்டும் போகிற அதே தொகை. அங்கே போய் மெம்பர் ஆக வேண்டிய அவசியமே பெரும்பாலோருக்கு இல்லை. விருந்தினராகவே இடம் கிடைக்கிறது.

விலை வேறு வகையில் வரும். காலை நாலேகாலுக்கு அலாரம். முந்தின இரவே பெட்ரோல் முக்கால் டாங்க் இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சோதனைச்சாவடியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். விஇபி என்ற மலேசிய வாகன நுழைவு அனுமதியைப் பதிந்திருக்க வேண்டும். 2025 ஜூலை முதல் பதியாத வண்டிக்கு 300 ரிங்கிட் அபராதம். துவாஸ் சோதனைச்சாவடி வழியாகப் போனால் இருட்டில் லாரி வரிசைக்குப் பக்கத்தில் மெதுவாக ஊர்ந்து, பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக 2024 மார்ச்சிலிருந்து வந்திருக்கும் கியூஆர் குறியீட்டைக் காட்டி, ஐந்தரைக்குள் அந்தப் பக்கம் போய்விடலாம். போவது பெரிய விஷயமில்லை. திரும்புவதுதான். ஞாயிறு பிற்பகல் இரண்டரைக்கு துவாஸுக்கு வரும் இரண்டாம் இணைப்புப் பாலத்தில் மாட்டிக்கொண்டால், காரில் உட்கார்ந்தபடியே கால் மரத்துப்போகும். பின்னிருக்கையில் ஒருவர் தூங்குவார், இன்னொருவர் பதினாறாவது குழியில் தவறவிட்ட 'பட்' (பந்தைக் குழிக்குள் தட்டும் அடி) பற்றியே பேசிக்கொண்டிருப்பார். எனக்கு அந்தப் பயணம் பிடிக்கும். நாலு நண்பர்கள், ஐந்து மணிநேர ஆட்டம், நாலு மணிநேர அரட்டை. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பவருக்கு அது ஒரு முழு நாள் போனதாக ஆகும். என் தங்கை இதைப் பற்றி என்ன சொல்வாள் என்று தங்கை கணவருக்கே தெரியும்.

இந்தோனேசியத் தீவுகளான பாத்தாம், பிந்தானுக்குப் படகுப் பயணம் வருடத்துக்கு ஒருமுறை நண்பர்களோடு தங்கி ஆட நல்லது. வாராவாரம் ஆட அது வழியில்லை.

பணத்துக்கு வெளியே, கிளப்பில் சேர நல்ல காரணங்கள் இருக்கின்றன, அவற்றைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். தனியாகப் போய் நின்றாலும் ஆள் சேர்த்துவிடுவார்கள். ஓய்வு பெற்றவர்களுக்கு வாரநாள் காலையில் இதைவிடப் பெரிய உதவி கிடையாது. மாதாந்தரப் பந்தயம் உண்டு, ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) ஒழுங்காகப் பதிவாகும், ஆட்டம் முன்னேறும். ஒரே திடலில் திரும்பத் திரும்ப ஆடினால் ஒவ்வொரு குழியும் பழகிய தெரு மாதிரி ஆகிவிடும். காற்று எந்தப் பக்கம், பங்கர் மணற்குழிக்குப் பின்னால் சரிவு எப்படி என்று கால் தானே சொல்லும். புதிதாகக் கற்பவர் என்றால் திறன் சான்றிதழ் தேர்வுக்கு கிளப் பயிற்றுநர் வழிகாட்டுவார். அந்தச் சான்றிதழோ ஹேண்டிகேப்போ இல்லாமல் இங்கே பல திடல்களில் கால் வைக்க முடியாது. ஒருமுறை பதின்மூன்றாவது குழியில் மின்னல் எச்சரிக்கைச் சங்கு ஊதி, நாற்பது நிமிடம் ஓலைக்கூரைக் கொட்டகையில் ஒதுங்கி நின்றோம். எழுபது வயதைத் தாண்டிய மெம்பர் ஒருவர் எங்களோடு நின்றார். மனைவி இறந்தபிறகு வாரத்தில் நான்கு நாள் வருவதாகவும், ஆடாத நாளில் வந்து காப்பி மட்டும் குடித்துவிட்டுப் போவதாகவும் சொன்னார். அவருக்கு நான் மேலே போட்ட கணக்கு எதுவும் பொருந்தாது. அவர் கொடுத்தது சரியான விலை.

ஆனால் நீச்சல் குளம், உடற்பயிற்சிக்கூடம், உணவகத் தள்ளுபடி என்று தரகர் அடுக்கினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கொண்டோவில் இருப்பவருக்குக் குளம் கீழேயே இருக்கிறது. வியாபாரத் தொடர்பு கிடைக்கும் என்பதும் அப்படித்தான். நிறுவனம் பணம் கட்டினால் வேறு கதை, சொந்தப் பணத்தைப் போட்டுத் தொடர்பு தேடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நீங்கள் யாரோடு ஆடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தே பாதி முடிவு வந்துவிடும். உங்கள் நாலு பேரில் இருவர் ஏற்கெனவே ஒரு கிளப்பில் மெம்பர் என்றால், வேறு கிளப்பில் மலிவாகக் கிடைக்கிறது என்று போகாதீர்கள். தனியாகிவிடுவீர்கள். நாலு பேரும் எங்கும் மெம்பர் இல்லை, எல்லாரும் துவாஸ் வழியாகப் போய் வருகிறவர்கள் என்றால், நீங்கள் ஒருவர் மட்டும் இங்கே சேர்ந்து அவர்களை 250 வெள்ளி கொடுத்து வரச் சொல்ல முடியாது. வாங்கியபிறகுதான் இது உறைக்கும்.

தங்கை கணவருக்கு வயது 44. பிள்ளைகளுக்கு எட்டும் பதினொன்றும். கணக்கைக் காட்டிவிட்டு நான் கேட்டேன்: பதினாலு ரவுண்டு மட்டும் ஆடியது ஏன்? திடல் கிடைக்காததாலா? அவர் பதில் சொல்வதற்குள் தங்கை உள்ளிருந்து வந்தாள். "அண்ணே, சனிக்கிழமை காலையில பெரியவனுக்கு டியூஷன், சின்னவளுக்கு நீச்சல். ரெண்டும் வேற வேற இடம். இவர் ஆடப் போனா யார் ஓட்டிட்டுப் போறது?" என்றாள். ஞாயிறு காலை கோவில், மாமியார் வீடு. கிளப் இல்லாததால் அவர் ஆடாமல் இருக்கவில்லை. மெம்பர் கார்டு வந்தாலும் அந்த இரண்டு காலையும் அப்படியேதான் இருக்கும்.

பெரியவன் பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) முடிக்கும் வரைக்கும் வாங்கும் யோசனையைத் தள்ளிப்போடச் சொன்னேன். அதற்குள் ஒரு வருடம் டெர்ம் எடுத்துப் பார்க்கலாம், அதுவும் வீட்டிலிருந்து இருபது நிமிடத்துக்குள் இருக்கும் கிளப்பாக இருந்தால் மட்டும். முப்பது ரவுண்டைத் தாண்டினால் அப்போது குத்தகை வருடத்தைப் பார்த்து, பொதுக்கூட்ட அறிக்கையைப் படித்துவிட்டு வாங்கட்டும். விலை ஏறிவிடுமே என்றார். ஏறலாம். 2014 அறிவிப்புக்குப் பிறகு இறங்கியது, கொவிட் காலத்துக்குப் பிறகு ஏறியது, இரண்டையும் பார்த்திருக்கிறோம். ஆனால் கீழே ஓடிக்கொண்டிருக்கும் குத்தகைக் கடிகாரம் நிற்கப்போவதில்லை.

இப்போது அவர் ஞாயிறு பிற்பகல் ஒரு மணிக்கு மேல் கிடைக்கும் நேரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த நேரத்துக்குப் பெரும்பாலும் போட்டி இருக்காது, கட்டணமும் குறைவு. பையில் ஒரு குடையும் மாற்றுக் காலுறையும் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.